கல்யாணப் படத்தில் பெண் இல்லை

ஆடி, கடைசி ஞாயிறு

நல்ல காற்று. முருங்கை ஒன்று ஒடிந்து வாய்க்கால் மேல் கிடக்கிறது. மரவள்ளி போட்டவனெல்லாம் தலையில் கை வைத்த வருஷம், எதிர்வீட்டுக்காரர் போர் போடுகிற ரிக் வண்டியைக் கப்பலேற்றி ஆப்பிரிக்கா அனுப்பிய வருஷம், எங்கள் காரி எருமை செத்த வருஷம். அந்த வருஷம்தான் இது. எனக்குத் தேதி போட வேறு வழி தெரியாது.

எழுதப் படிக்கவும் தெரியாது. நான் பேசுகிறேன், கம்ப்யூட்டர் எழுதிக்கொள்கிறது. பேரன் பெண்சாதி கீர்த்தனா செய்து கொடுத்த ஏற்பாடு. நம் ஊர்ப் பேச்சு அதற்குப் பிடிபடவில்லை. ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் மாதிரி நிறுத்திப் பேசினால் பிடித்துக்கொள்கிறது. எழுதியதை என்னாலேயே படிக்க முடியாது. இதைவிடப் பத்திரமான இடம் எது.

எங்களுக்குக் கல்யாணமாகி ஆவணியோடு அறுபது வருஷம். மகன் பரமத்தி வேலூரில் மண்டபம் பிடித்துவிட்டான். பெரிய திரையில் எங்கள் பழைய போட்டோ எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் பாட்டோடு ஓட வேண்டுமாம். ஸ்லைடு ஷோ. பொறுப்பு கீர்த்தனாவுடையது. டிரங்குப் பெட்டியில் கரையான் தின்றது போக மிச்சமிருந்த படங்கள் இன்று ஸ்கேன் ஆயின.

கம்ப்யூட்டர் முகம் பார்த்து ஆள் பிரிக்கிறது. என்னையும் என் மைத்துனனையும் ஒரே ஆள் என்றது. அவன் உயிரோடு இருந்தால் பஞ்சாயத்து வைத்திருப்பான். எருமையை மட்டும் சரியாகத் தனியே வைத்து, பெயர் என்ன என்று கேட்டது. காரி.

முழங்கால் வலி. தைலம் தீர்ந்துவிட்டது.

ஆவணி, முதல் செவ்வாய்

புழுக்கம். இரண்டு தடவை கரண்டு போனது.

சாயங்காலம் வெள்ளோட்டம். நான், வீட்டுக்காரி, மகன், கீர்த்தனா. பேரன் டூட்டி.

முதல் படமே கல்யாணப் படம். மணையில் நானும் பக்கத்தில் பட்டுடுத்திய பெண்ணும். எங்களைச் சுற்றி சிவப்பில் ஒரு இதயம். மேலேயிருந்து ரோஜா இதழ் கொட்டோ கொட்டென்று கொட்டியது. படம் ஒரு சுற்றுச் சுற்றி வந்து நின்றது. கீழே எழுத்து. மகன் ‘மணமக்கள்’ என்று சத்தமாக வாசித்துவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

அந்தப் பெண் என் அக்கா பழனியம்மாள்.

இணைச்சீர்ப் படம் அது. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளையோடு அவன் கூடப்பிறந்தவளை உட்கார வைத்துச் செய்கிற சீர். அவளுக்கும் பட்டு, பூ, நகை எல்லாம் உண்டு. தெரியாதவர்கள் பார்த்தால் அவள்தான் பெண் என்பார்கள். கீர்த்தனா ஆத்தூருக்குக் கிழக்கே பிறந்தவள், அந்தப் பக்கம் இந்தச் சீர் கிடையாது. அவளுக்கும் பேரனுக்கும் நடந்த கல்யாணமும் பதிவு அலுவலகத்தில் கையெழுத்தோடு முடிந்தது. அவளுக்கு எப்படித் தெரியும்.

பதறிப்போய், “தாத்தா அவங்களப் பாத்து அப்படிச் சிரிச்சிட்டிருந்தாரு, அதனால ஆயான்னு நெனச்சிட்டேன்” என்றாள்.

வீட்டுக்காரி எழுந்தாள். “எங்கிட்ட என்னைக்குக் கண்ணு அப்பிடிச் சிரிச்சாரு?”

அப்புறம் அடுப்படியில் பாத்திரச் சத்தம். ராத்திரிக்கு வெறும் ரசம்.

அவள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. போட்டோக்காரர் வேலூரிலிருந்து சைக்கிளில் வந்தார். ஊருக்குக் கரண்டு வராத காலம். பகல் வெளிச்சத்தில் மூன்று படம் எடுத்தார். இணைச்சீர், பந்தி, வண்டி மாடு. முகூர்த்தம் மறுநாள் விடியாத கருக்கலில். இருட்டில் எடுக்க வராது என்று முதல் நாளே பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். என் கல்யாணத்தில் அக்கா படத்தில் இருக்கிறாள், மாடு இருக்கிறது. தாலி கட்டிக்கொண்டவள் இல்லை.

படுக்கப் போகும்போது சொன்னாள்: “படத்துல இருக்கறவளையே மேடையிலயும் உக்கார வெச்சுக்குங்க. நா வரமாட்டனுங்க.”

அக்கா செத்து வெகுகாலம் ஆகிறது.

வியாழன்

லேசாகத் தூறல். தைலம் வந்தது.

கீர்த்தனாவுக்கு ஒரு யோசனை. இப்போதைய முகத்தைக் கொடுத்தால் கம்ப்யூட்டரே வயதைக் குறைத்துக் கல்யாணப் பெண்ணாக்கி, பக்கத்தில் மாப்பிள்ளையையும் நிறுத்திக் கொடுக்குமாம். ஓட்டுப் போடும் அட்டையில் இருக்கிற வீட்டுக்காரி படத்தைக் கொடுத்தோம். அந்த அட்டைப் படத்தில் அவள் யாரையோ அடிக்கப் போகிறவள் மாதிரி இருப்பாள்.

கொஞ்ச நேரம் யோசித்தது. கொடுத்தது.

சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுப்பு. கூரான மூக்கு. நெற்றியில் தொங்கட்டம், கை முழுக்க மருதாணி. பின்னால் அரண்மனைத் தூண். பக்கத்தில் நான், தலைப்பாகையில் மயிலிறகு. தோள் இரண்டும் பனை மட்டை அகலம். மீசையையும் கூட்டிக் கொடுத்திருந்தது, அதை நான் ஆட்சேபிக்கவில்லை.

வீட்டுக்காரியைக் கூட்டி வந்து காட்டினோம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

“இவ ஆருங்க?”

நீதான் என்றேன்.

“மொதல்ல உங்கக்கா. இப்ப இவ. நா மூணாவதுங்களா?”

அதோடு விட்டிருக்கலாம். ஆள் லட்சணமாகத்தானே இருக்கிறாள் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மகன் சிரித்தான். எனக்கும் காபி இல்லை, அவனுக்கும் இல்லை.

சனி

வெயில். கத்தரிக்குத் தண்ணீர் விட்டது. ஆள் வரவில்லை, நானே.

மகன் ஆத்தாளிடம் பேசிப் பார்த்தான். பத்திரிகை கொடுத்தாயிற்று, ஜேடர்பாளையத்துச் சனமெல்லாம் வேன் பேசிவிட்டது, நீ வராவிட்டால் அப்பன் தனியாக மாலை போட்டுக்கொண்டு நிற்பாரா என்று கேட்டான். அது அவர் பாடு என்றாள். சரி, கல்யாணத்தை விட்டுவிட்டு உன் முதல் படத்திலிருந்து ஆரம்பிக்கிறோம் என்றான். அவளுடைய முதல் படம் இவனுக்கு மொட்டை அடித்தபோது எடுத்தது. அதில் இவன் அழுகிற அழுகையில் அவள் முகத்தில் பாதி இவன் கைதான். கல்யாணமே இல்லாமல் பிள்ளை மட்டும் வந்தது என்று ஊர் பார்க்கட்டுமா என்று கேட்டாள்.

மண்டபத்துக்காரர் போன். திரை எத்தனை அடி வேண்டும் என்கிறார். மகன் என்னைப் பார்த்தான். நான் கத்தரியைப் பார்த்தேன்.

ஞாயிறு

வானம் மப்பு. மழை இல்லை.

காலையில் கீர்த்தனா பந்திப் படத்தைப் போட்டு, யார் யார் என்று கேட்டாள். படத்துக்குக் கீழே பெயர் ஓடுமாம். காலமானவர்கள் பெயர் பக்கத்தில் சின்னதாக ஒரு விளக்கு எரியுமாம். எனக்குப் பிடித்த வேலை. அது எங்கள் சனத்துப் பெண்கள் பந்தி. முகம் அழிந்திருந்தாலும் குந்தியிருக்கிற தோரணையை வைத்து ஆளைச் சொல்வேன்.

முதல் இலை, பெரியம்மா நாச்சாயி. விளக்கு. இரண்டாவது, மாமன் மகள் செல்லாயி, இலையில் வைத்ததை மடியில் கட்டுகிறவள். விளக்கு. மூன்றாவது, தலையில் முக்காடும் உப்பின கன்னமுமாக ஒரு சிறு பெண். சமையல்காரர் மகள், ராசிபுரம் என்றேன். பல வருஷமாக எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லி வருகிறேன்.

வீட்டுக்காரி கதவோரம் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. கீர்த்தனா அந்த முகத்தைப் பெரிசாக்கினாள். திரை முழுக்க ஒரு கன்னம்.

“அது சமையக்காரர் மகளில்லீங்க.”

யார் பின்னே என்றேன்.

“நாந்தானுங்க.”

நம்பவில்லை. அவளே முடிச்சை அவிழ்த்தாள். தாலி ஏறும் வரை பெண்ணுக்குப் பாலும் பழமும்தான் என்று முந்தின நாள் உச்சிப்பொழுதிலிருந்தே பந்தலுக்குப் பின்னால் உள் அறையில் உட்கார வைத்துவிட்டார்களாம். வெளியே நெய் வாசம், பருப்பு வாசம். தங்கச்சி தாவணியைச் சுற்றிக்கொண்டு கொல்லை வழியாக வந்து பந்தியில் உட்கார்ந்துவிட்டாள். அதுவும் எங்கள் சனத்துக்கு நடுவே. “எங்க சனத்துல உக்காந்தாக் கண்டுபுடிச்சிருவாங்க. உங்காளுங்களுக்கு எம் மொகந் தெரியாதுங்களே.” வாய் நிறைய எண்ணெயில் சுட்ட வெல்லக் கச்சாயம். அந்த நேரம் பார்த்து போட்டோக்காரர் யாரும் அசையக் கூடாது என்று சொல்லிவிட்டார். கல்யாணப் பெண் மாப்பிள்ளை வீட்டுப் பந்தியில் திருட்டுச் சோறு தின்றாள் என்று வெளியே தெரிந்தால் இரண்டு வீட்டுக்கும் மானக்கேடு. அதனால் இத்தனை வருஷமும் வாயைத் திறக்கவில்லை.

யாருமே கண்டுபிடிக்கவில்லையா என்றாள் கீர்த்தனா.

“இவுங்கக்கா பாத்துட்டாங்க சாமி. அன்னிக்கு ஒண்ணுஞ் சொல்லல. ஆனா அதச் சொல்லியே ஆயுசு பூராம் எங்கைல கச்சாயஞ் சுட வெச்சுச் சாப்புட்டுட்டுப் போனாங்க.”

அக்கா வரும்போதெல்லாம் இவள் மூச்சுக் காட்டாமல் எண்ணெய்ச் சட்டி வைப்பாள். பாசம் என்று நினைத்திருந்தேன்.

மகன் சிரித்துச் சிரித்துப் புரையேறி வெளியே போனான். கீர்த்தனாவுக்குக் கண்ணில் தண்ணீர். வீட்டுக்காரி எங்களைப் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்தாள். அந்தப் படத்தையே முதலில் போடச் சொன்னாள். இதயம் வேண்டாம், பூக்கொட்டுவது வேண்டாம், கன்னத்தை மட்டும் சிறிசாக்க முடியுமா என்று கேட்டாள். முடியும் என்றாள் கீர்த்தனா. கூடாது என்றேன் நான்.

“அப்பப் புதுச் சீல எடுத்துக் குடுங்க. அந்த வெள்ளச்சி கட்டியிருந்த நெறத்துல.”

மண்டபத்துக்காரருக்குப் போன் செய்தாயிற்று. இருப்பதிலேயே பெரிய திரை.

மிச்சப் பெயர்களைச் சொல்லி முடித்தேன். நான்காவது, சின்னம்மா அருக்காணி, விளக்கு. ஐந்தாவது அவள் மருமகள் ராமாயி, விளக்கு. கடைசியில் கை மட்டும் தெரிகிறது, வளையலைப் பார்த்தால் அத்தை வெள்ளையம்மாள், விளக்கு. பரிமாறுகிற கால் யாருடையது என்று தெரியவில்லை, யாராக இருந்தாலும் விளக்குத்தான். மூன்றாவது இலைக்கு என்ன போட என்று கீர்த்தனா கேட்டாள். விளக்கு வேண்டாம் கண்ணு, பெயர் போடு.

பாவாயி.