கேட்டு ஏறிய பேருந்து

மச்சான், இன்று காலை சிதம்பரம் மார்க்கெட்டில் ஒரு கட்டு வல்லாரை வாங்கினேன். இலையைக் கசக்கி முகர்ந்ததும் நீ வந்துவிட்டாய், கருவாட்டுக் கூடைக்குப் பக்கத்தில் நின்று வல்லாரையைப் பச்சையாக மென்றபடி. கையில் வாசம் போவதற்குள் எழுத உட்கார்ந்தேன். மெல்லத்தான் எழுதுகிறேன். போய்ச் சேர்ந்துவிட்ட உனக்கும் இனி அவசரமில்லை.

நாம் பழகியதே எழுத்து தெரியாததால்தான். கடலூர் முதுநகரில் கருவாடு வாங்கிக்கொண்டு, ஆளுக்கொரு கூடையோடு பேருந்து நிலையத்தில் நின்றோம். நீ தயங்காமல் ஏறியதைப் பார்த்து, படித்தவர் போலிருக்கிறது என்று நானும் ஏறினேன். நீயோ நான் பின்னால் வந்த தைரியத்தில் உட்கார்ந்தாயாம். சிதம்பரம் போக வேண்டியவர்கள் பண்ருட்டியில் இறங்கினோம். "போவட்டும் மச்சான், கருவாடு கெடாது" என்று பலாச்சுளை வாங்கித் தந்தாய். அதன்பிறகு யாரையாவது கேட்டுத்தான் ஏறினோம்.

மண்டைக்குள் கம்ப்யூட்டர் சில்லு வைத்தால் மனிதனின் அறிவு கூடுமாம் என்று ஒருநாள் டீக்கடைக்காரர் செல்போனைப் பார்த்துச் சொன்னார்.

"எனக்கு ஒண்ணு வெக்கச் சொல்லுங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், உன்னைத் தவிர.

"அறிவு ஜாஸ்தியாயிட்டா நம்ம பேச்சு இவனுக்கு ருசிக்காது" என்றாய்.

"அப்ப நீ எதுக்கு வல்லாரை தின்ற?"

"அது மெதுவா ஏறும். பக்கத்துல இருக்கறவனுக்குத் தெரியாது."

நான் முதியோர் கல்வி வகுப்பில் சேர்ந்தபோதுதான் உன் பயம் புரிந்தது. கூப்பிட்டேன், நீ வரவில்லை. "ரெண்டு பேரும் புத்திசாலி ஆயிட்டா கூடையை யார் தூக்கறது?" என்று கேலி செய்தாய். ஆனால் டீ குடிக்கும்போது முன்போல் பேசவில்லை. சில்லு என்ன, எழுத்து என்ன, இரண்டும் வெளியிலிருந்து உள்ளே வைப்பவைதானே. உள்ளே போனது உன்னை வெளியே தள்ளிவிடுமோ என்று எனக்கும் கலக்கமாக இருந்தது.

பிறகு ஒருநாள் கடலூரில் பேருந்துப் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தேன். சிதம்பரம். சரிதானா என்று இன்னொரு தடவை கூட்டிப் பார்த்தேன். அதற்குள் நீ வழக்கம்போல் ஓர் அம்மாவிடம் கேட்டுவிட்டாய். நான் வாய் திறக்கவில்லை. அவரும் நம்மோடு ஏறி, ஊர், பேர் விசாரித்து, மேல்பட்டாம்பாக்கத்துத் தம் மருமகளைப் பற்றிப் புலம்பி, மடியிலிருந்த வேர்க்கடலையையும் பங்கு வைத்தார். அவர் இறங்கிய பிறகு என் முகத்தைப் பார்த்தாய்.

"படிச்சிட்ட, இல்ல? தெரிஞ்சும் சும்மா நின்னியா?"

"நான் சொல்லியிருந்தா கடலை கெடைச்சிருக்குமா?"

பேருந்தே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாய். "பரவால்ல மச்சான், புத்தி வந்தும் நீ கெடல" என்றாய். மறுநாளிலிருந்து கடைப் பலகைகளைக் காட்டி, "அது இன்னா, படி" என்று என்னை விரட்டத் தொடங்கினாய்.

நாளை அந்தச் சில்லு சிதம்பரத்துக்கே வந்தாலும் நான் பயப்பட மாட்டேன். அறிவு ஏறட்டும். அடுத்தவரைக் கேட்கும் வாயை அது மூடாமல் இருந்தால் போதும்.

போன வாரமும் கடலூரில் பலகையைப் படித்துவிட்டு, பக்கத்தில் நின்ற பெண்ணிடம், "இது சிதம்பரம் போவுதாம்மா?" என்றேன்.

"போர்டுலதான் போட்டிருக்கே தாத்தா."

"படிச்சேம்மா."

"அப்புறம் ஏன் கேக்கறீங்க?"

பண்ருட்டிக்குப் போன கதையைச் சொன்னேன். புதுச்சத்திரம் வரை சிரித்துக்கொண்டே வந்தாள்.