பட்டறைத் துணியில் முடிந்த காசு

மல்லசமுத்திரம்,
ஞாயிற்றுக்கிழமை மதியம்.

அன்புள்ள மாமாவுக்கு மதுமதி எழுதுவது. நானும் பாப்பாவும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். மீதியைப் படித்துவிட்டு அது நலமா என்று நீங்களே சொல்லுங்கள்.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் கடிதமே எழுதாதவள் இப்போது எதற்கு எழுதுகிறாள் என்று பயந்துவிடாதீர்கள். போனில் இதைப் பேச முடியாது. இந்த லைன் வீட்டில் நான் தும்மினால் பக்கத்து வீட்டிலிருந்து பட்டறை மேஸ்திரி செங்கோட்டையன் நூறு ஆயுசு என்கிறார். பூபதி அண்ணன் உங்கள் போர்வெல் ரிக் வண்டிக்கே ஆளாக ராய்ப்பூர் கிளம்புகிறார். அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

ஓட்டுக்கு முந்தின வாரம் முதலாளி தனபால், தறி ஓட்டுகிற எங்கள் எல்லோரையும் பட்டறைக்குப் பின்னால் இருக்கிற மாரியம்மன் கோயிலுக்கு வரச் சொன்னார். ஏதோ பொங்கல் வைக்கிறார்கள் என்று நான் தூக்குப்போசியோடு போனேன். அங்கே தட்டில் சூடம் எரிந்துகொண்டிருந்தது. இப்போதைய எம்.பி. அவருக்கு வேண்டியவர் என்பது உங்களுக்குத் தெரியும். "நம்ம சனம் மாத்திப் போடாதுன்னு எனக்குத் தெரியுமுங்க. இருந்தாலும் ஆத்தா முன்னால ஒரு வார்த்தை சொல்லிருங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். ஒவ்வொருவராகச் சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்தோம். நானும் செய்தேன் மாமா. வேறென்ன செய்வது? பாப்பாவுக்குக் காய்ச்சலில் கண் சொருகியபோது காரை அனுப்பியவர் அவர். பஞ்சாயத்துத் தேர்தலில் எதிர் ஆளுக்கு நோட்டீஸ் கொடுத்தான் என்று, நம்மைப் போலவே அவருடைய லைன் வீட்டில் இருந்த பொன்னன் குடும்பத்தை ஒரே நாளில் காலி செய்ய வைத்தவரும் அவர்தான். அவர்கள் பிள்ளையின் தொட்டில் துணி சாக்கடையோரம் கிடந்ததை நீங்களும் பார்த்தீர்களே.

நீங்கள் சத்தீஸ்கரில் இருந்துகொண்டு, "மாத்திப் போடு புள்ள, இந்தவாட்டியாச்சும் எதாச்சும் மாறட்டும்" என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். பழியை உங்கள் தலையில் போடவில்லை. எனக்கும் ஆசைதான். நூல் விலை ஏறினாலும் தறி நிற்கிறது, இறங்கினாலும் தறி நிற்கிறது. ஓட்டுக் கேட்கும்போது மட்டும்தான் நம் சந்துக்கு வழி தெரிகிறது அவர்களுக்கு. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

பூத்தில் எம்.பி.யின் ஏஜெண்டாக மேஸ்திரியே உட்கார்ந்திருந்தார். பட்டனை அமுக்கியதும் கண்ணாடிக்குள் சின்னத்தைக் காட்டுகிற அந்தச் சீட்டு வந்து நின்றது. விழவே மாட்டேன் என்கிறது! முந்தானையால் மறைக்கலாமா என்றுகூட நினைத்தேன். அப்புறம் அந்தக் 'கீ' என்ற சத்தம். எல்லோருக்கும் அதே சத்தம்தான், ஆனாலும் எனக்கு மட்டும் நீளமாகக் கேட்ட மாதிரி இருந்தது. மாற்றித்தான் போட்டேன்.

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. ஓட்டைப் பூத் வாரியாகத்தான் எண்ணுவார்களாம். நம் பூத்தில் அந்தச் சின்னத்துக்கு எத்தனை விழுந்தது என்பது தெரிந்துவிடுமாம். "எண்ணட்டும், எந்த ஊட்டு ஓட்டு மாறுச்சுன்னு நானே சொல்றேன்" என்று முதலாளி டீக்கடையில் சொல்லியிருக்கிறார். அதைச் சொன்னவள் செல்லாயி அக்கா, பக்கத்துத் தறிக்காரி. சொல்லும்போது அவள் குரலே சரியாக இல்லை. என்னைத் தவிர வேறு யார் துணிந்திருப்பார்கள்? அகப்பட்டால் நான் ஒருத்திதான் அகப்படுவேன் என்று நினைத்துக்கொண்டே தறி ஓட்டினேன். அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே இழை அறுந்தது.

போன வாரம் பாப்பாவின் கழுத்தில் சிவப்பாக நாலைந்து கொப்புளம். எனக்கு உயிரே போய்விட்டது. அம்மை போட்டுவிட்டது, சூடத்தில் கை வைத்துப் பொய் சொன்னதற்கு ஆத்தா பிள்ளைமேல் இறங்கிவிட்டாள் என்று வேப்பிலையைப் பரப்பிப் படுக்க வைத்தேன். நல்லவேளை, வெறும் வேனல் கட்டிதான். ஆறிவிட்டது. ஆனால் என் மனசு ஆறவில்லை. ஆடு வெட்டுகிறேன் என்று வேண்டி மறந்ததற்காக உங்கள் அம்மா மஞ்சள் துணியில் காசு முடிந்து சூலத்தில் கட்டி மன்னிப்புக் கேட்டார்களே, அதே மாதிரி கட்டிவிடலாம் என்று தோன்றியது. வீட்டில் நல்ல துணி இல்லை. பட்டறையில் நாங்கள் நெய்து கழித்துப் போட்ட சிவப்புக் கரைத் துண்டில் ஒரு கிழிசலை எடுத்து மஞ்சளில் நனைத்தேன். கரண்ட் போய்த் தறி நின்ற நேரம் பார்த்து, யாருக்கும் தெரியாமல் கோயிலுக்குப் போனேன்.

மாமா, சூலத்தில் எனக்கு இடமே இல்லை. மூன்று முனையிலும் மஞ்சள் முடிச்சு. எல்லாம் புதுசு, தொட்டால் விரலில் மஞ்சள் ஒட்டுகிறது. எல்லாம் நம் பட்டறைத் துண்டு. சிவப்புக் கரையைப் பார்த்தாலே தெரிகிறது. அன்று சூடம் அணைத்தவர்களில் பாதிப்பேருக்கு மேல் வந்து கட்டியிருக்க வேண்டும். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான். என்னுடையதையும் நெருக்கிக் கட்டிவிட்டு வந்தேன். திரும்பியபோது பட்டறையில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. செல்லாயி அக்கா மட்டும் என் விரலைப் பார்த்துவிட்டு, தன் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் புத்திக்கு எட்டியது. அமாவாசை தவறாமல் முதலாளி அந்தக் கோயிலில் தேங்காய் உடைக்க வருவார். தன் பட்டறைத் துண்டின் கரை அவருக்குத் தெரியாதா? ஓட்டு எண்ணும்வரை காத்திருக்கவே வேண்டாம், நாங்களே கொண்டுபோய்க் கட்டி வைத்துவிட்டோம். அவிழ்க்கலாம் என்றால் என் முடிச்சை அவிழ்க்கவே கை வரவில்லை. அடுத்தவள் தன் பிள்ளைக்காகக் கட்டியதை நான் எப்படித் தொடுவேன்? செல்லாயி அக்காவிடம் கேட்கலாம் என்று இரண்டு தரம் போனேன். உப்பு இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

வெயில் காலம்தான் போர் ஓட்டுகிற சீசன், லீவு கிடைக்காது என்று தெரியும். வண்டி ஓனரிடம் எதையாவது சொல்லுங்கள். எனக்கு உடம்பு சரியில்லை என்றே சொல்லுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். அமாவாசைக்கு முன்னால் வந்துவிடுங்கள். நீங்கள் வந்து அவரோடு சண்டை போட வேண்டாம். அவர் வரும்போது நம் வாசலில் நின்றால் போதும்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். ரிக் மேல் ஏறும்போது பார்த்து ஏறுங்கள். நான் பொய் சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளாமல் மாரியாத்தா உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்
மது

பாத்திரங்களை மூட்டை கட்டி வைத்திருக்கிறேன். ஊருக்குப் போறமா என்று பாப்பா கேட்கிறாள். அப்பா வந்ததும் பிரித்துவிடலாம் சாமி என்று சொல்லியிருக்கிறேன்.