களஞ்சியப் படியில் ஊற்றிய கள்ளு

நாவா
ஏப்ரல், ஞாயிறு

அன்பு மகள் ஒலாயாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் மாடும் ஆப்பிள் மரங்களும் சுகம், ஆஸ்லோ குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே, அவர் இருமல் நின்றதா. நாங்கள் அங்கேயே வந்து தங்கிவிட மாடி அறைக்கு வெள்ளையடித்திருப்பதாக எழுதியிருந்தாய், அதற்குப் பதில் கடைசியில் இருக்கிறது, இப்போதே அங்கே தாவாதே, உன் குணம் எனக்குத் தெரியும்.

தோட்டம் முழுக்கப் பூ. போன வருஷம் பூத்த நேரத்தில் பனி விழுந்து இனிப்புப் பழமெல்லாம் போய், புளிப்புப் பழம்தான் பிழிய மிஞ்சியது. பிழியும்போது உன் அப்பாவுக்குத் தோள் பிடித்துக்கொண்டது, வலது கை தோளுக்கு மேல் எழும்ப மாட்டேன் என்கிறது. குளிர்காலம் முழுக்க ஆப்பிள் கள்ளு பீப்பாயில் நிம்மதியாகத் தூங்கியது, இவர் தூங்கவில்லை. நம் ஊர் வழக்கப்படி தலைக்கு மேல் பாட்டிலைத் தூக்கி, மறு கையால் தொடையோடு பிடித்த கிளாஸில் ஊற்ற முடியாதவனுக்குத் தோட்டம் எதுக்கு என்று ஒரே புலம்பல். வேறு யாராவது ஊற்றட்டுமே என்றால், என் கள்ளை முதல்ல நான்தான் ஊத்தணும், இல்லேன்னா தைலமரக் கம்பெனிக்காரன் எல்லாத்தையும் வெட்டிட்டு அவன் மரத்தை நட்டுக்கட்டும் என்று வீம்பு. அந்த ஆளும் தோட்டத்தை விலைக்குக் கேட்டு வாரம் தவறாமல் வந்து வேலியைத் தடவிக்கொண்டிருந்தான்.

வியாழக்கிழமை கள்ளுக்கடை செர்வாந்தா முதல் பாட்டிலை ருசி பார்க்க வந்தாள். அவள் வாங்கினால்தான் தோட்டம் நிற்கும். உன் அப்பா கையைத் தூக்கினார், அது கன்னத்தோடு நின்றுவிட்டது. ஏன் பெலார்மினோ, காதுல ஊத்திக்கப் போறியா என்றாள் அவள். இவர் முகம் செத்துப்போயிற்று, பாட்டிலை வைத்துவிட்டு உள்ளே போகத் திரும்பினார். எனக்கு அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்ததோ, மனுஷனை இழுத்துக் களஞ்சியத்தின் கல்படியில் ஏற்றிவிட்டு, கிளாஸோடு கீழே தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். கை உயராவிட்டால் என்ன, ஆள் உயர்ந்தால் போதாதா. ஒருத்தர் ஊத்த இன்னொருத்தர் பிடிக்கிறதாவது, இந்தக் கூத்தை எங்க பாட்டன்கூடப் பாத்ததில்ல என்றாள் செர்வாந்தா. முதல் வீச்சு என் கழுத்துக்குள் போயிற்று, இரண்டாவது அவளுடைய புதுச் செருப்பில். ஆட்டாதே எருமை என்கிறார் இவர், ஊத்துறவன் கிளாஸைப் பாக்கக் கூடாதுன்னு சட்டம் பேசினது போதும், இன்னிக்கு மட்டும் பாருங்க என்கிறேன் நான், சிரிப்பில் என் கை இன்னும் ஆடுகிறது. மூன்றாவது தடவை, ஒலாயா, நூல் பிடித்த மாதிரி இறங்கிக் கிளாஸ் விளிம்பில் அடித்தது. நுரை பொங்கிச் சட்டென்று அடங்கியது, நல்ல கள்ளுக்கு அதுதான் அடையாளம் என்று உனக்கே தெரியும். செர்வாந்தா ஒரே மடக்கில் குடித்துவிட்டு, கிளாஸை அலச அடியில் விடும் மிச்சத்தை வழக்கம்போலத் தரையில் வீச மறந்து நின்றாள். புளிப்பு தூக்கல்தான், ஆனா நாக்கை விட்டுப் போக மாட்டேங்குது, எல்லா பாட்டிலும் எனக்கே என்றாள். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

முட்டியைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தேன். படியில் நின்றபடியே உன் அப்பா, எங்க எந்திரிக்கிற, அங்கேயே இரு, அடுத்த வருஷமும் அதுதான் உன் இடம் என்றார். நனைந்த சட்டையோடு அழுதேன், சிரித்தேன், எது முதலில் என்று தெரியாது.

ஆகையால் மகளே, மாடி அறையை யாருக்காவது வாடகைக்கு விட்டுவிடு. எனக்கு உட்கார இங்கேயே இடம் கிடைத்துவிட்டது.

இருவரும் நோய் நொடியின்றி நன்றாக இருங்கள். மாப்பிள்ளைக்குத் தேன் கலந்த வெந்நீர் கொடு. பழம் பொறுக்க அக்டோபரில் வர மறக்காதே.

இன்னும் கழுத்தில் கள்ளு மணக்கும் உன் அம்மா,
எதெல்வினா