பிரேக் இன்ஸ்பெக்டர் பக்கத்து சீட்டில்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் உன் அத்தை வீட்டுக்கு நலமாக, அதைவிட முக்கியமாக முழுசாக, வந்து சேர்ந்துவிட்டோம். நீயும் மாப்பிள்ளையும் சளி இருமல் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அத்தைக்கு ஒடிந்த காலில் கட்டுப் பிரிக்க இன்னும் நாளாகும், வலி கொஞ்சம்தான், வாய் மட்டும் எப்போதும் போல நன்றாக வேலை செய்கிறது. போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். போனில் பேசினால் உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு நான் சொல்வதை வரிக்கு வரி திருத்துவார். இதைத் திருத்தமில்லாமல் உனக்குச் சொல்லியாக வேண்டும்.

நம் ரகசியம் உடைந்துவிட்டதடி. நான் திருட்டுத்தனமாக டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் லைசென்ஸ் வாங்கினதும், எதற்கும் இருக்கட்டும் என்று நீ சொன்னபடி வெளிநாட்டில் ஓட்டுவதற்கான பெர்மிட்டையும் வாங்கிக் கைப்பையில் ஒளித்துவைத்ததும் நம் இருவருக்கு மட்டும்தானே தெரியும்? ஒரு ரிட்டயர் ஆன பிரேக் இன்ஸ்பெக்டரின் கண்ணில் மண்ணைத் தூவுவது லேசுப்பட்ட காரியமா? டெஸ்டுக்கு வந்தவர்களில் பாதிப் பேரைப் பெயிலாக்கி அனுப்பின மனுஷன், கட்டின பெண்டாட்டி என்றும் பாராமல் என்னையும் அல்லவா பெயிலாக்கினார்? அன்றிலிருந்து கார் சாவி அவர் சட்டைப்பையைத் தாண்டவில்லை. நானோ ஒரு வீட்டில் புண்ணுக்குக் கட்டுப் போட, இன்னொரு வீட்டில் ஊசி போட என்று நர்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்துக் கிடக்கிறேன், கார் ஷெட்டில் சுகமாகத் தூங்குகிறது. எப்படியாவது அந்தச் சாவியை வாங்கிவிட வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

இந்த நாட்டில் வந்து இறங்கினதும், விமான நிலையத்தில் நீ புக் செய்திருந்த வாடகைக் கார் கவுண்டருக்குப் போனோம். அப்பா நிமிர்ந்து நின்று தன் லைசென்ஸை நீட்டினார். கவுண்டரில் இருந்த பெண் வாங்கிப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள், தேதிமேல் விரலை வைத்தாள். காலாவதியாகி வருஷம் ஒன்றாகிறது! பெர்மிட் கேட்டாள், அதுவும் இல்லை. கிளம்புவதற்கு முன் நான் எத்தனை தடவை கேட்டேன், எனக்கே பெர்மிட்டா, நான் பார்க்காத லைசென்ஸா என்று என் வாயை அடைத்தாரே. தேதி ஒரு நாள் தள்ளிப்போயிருந்தாலும் ஆளைத் திருப்பி அனுப்பினவர், பெல்ட்டைச் சரிசெய்துகொண்டு நின்றார். நான் மெதுவாகக் கைப்பையைத் திறந்து என்னுடையதை எல்லாம் எடுத்துவைத்தேன். அப்போது அவர் முகம் போன போக்கு இருக்கிறதே! எப்போ எடுத்தே என்றார். நீங்க மத்தியானம் தூங்குறப்போ என்றேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே டிரைவர் பெயரை என் பெயருக்கு மாற்றிவிட்டாள்.

அதோடு விடுவாரா? கேட்டைத் தாண்டினதும் வண்டியை நான் வாங்கிக்கறேன் என்று முணுமுணுத்துக்கொண்டே, பழக்கதோஷத்தில் வலது பக்கக் கதவைத் திறந்து கம்பீரமாக உட்கார்ந்தார். நானும் பழக்கதோஷத்தில் என் இடமான இடது பக்கம் போய் உட்கார்ந்தேன். பார்த்தால் ஸ்டீயரிங் என் முன்னால் இருக்கிறது! இந்த நாட்டில் எல்லாமே இடம் வலமாக மாறிக் கிடக்கிறது. இறங்கி மாறிக்கலாம் என்றார், கேமரா பார்க்குது, பேசாம இருங்க என்றேன். சரி, சாவியாவது தன்னிடம் இருக்கட்டும் என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இந்த வண்டியில் சாவி போட ஓட்டையே கிடையாது, அது யார் பையில் இருந்தாலும் போதும், பிரேக்கை மிதித்துப் பட்டனை அழுத்தினால் கிளம்பிவிடும் என்று கார் கழுவுகிற ஆள் சைகையில் காட்டினார். சாவி அவர் பையில், வண்டி என் கையில். இந்த வண்டியைக் கண்டுபிடித்தவன் நன்றாக இருக்கட்டும்.

கேட்டைத் தாண்டியும் நான் சீட்டை விட்டுக்கொடுக்கவில்லை. ஓட்டின அழகை என்னவென்று சொல்ல. இண்டிகேட்டர் போட்டால் வைப்பர் ஆடியது, சொட்டு மழை இல்லாத வெயிலில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே முனைக்கு முனை திரும்பினேன். ஒரு ரவுண்டானாவுக்குள் போய் வெளியே வரத் தெரியாமல் சுற்றின சுற்றில் அங்கிருந்த செடிகளெல்லாம் எனக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டன. உன் அப்பா இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துத் தரையைத் தேய்த்துவிட்டார். போனில் வழி சொல்கிற பெண்ணை, இவ பேசறது யாருக்குப் புரியும் என்று முதலிலேயே அவர் அணைத்துவிட்டார். அதனால் பெரிய சாலைக்கு வந்ததும், நான் ரோட்டைப் பார்க்கிறேன், நீங்க போர்டைப் படிங்க என்றேன். நேரே போ என்றார். போனோம், தப்பு. திரும்பி வந்தோம். அடுத்த பிரிவிலும் நேரே போ என்றார். அதுவும் தப்பு.

ஒரு பெட்ரோல் பங்க்கில் ஓரமாக நிறுத்தி, நன்றாக நாலு கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் முன்னால் பார்த்தபடியே, எனக்கு போர்டு தெரியலம்மா என்றார். கிட்ட வந்தாத்தான் எழுத்தே தெரியுது, ஒரு வருஷத்துக்கு மேலாவே இப்படித்தான், லைசென்ஸ் புதுப்பிக்கப் போனா கண்ணை டெஸ்ட் பண்ணுவாங்க, எத்தனை பேரைக் கண்ணு சரியில்லைன்னு நானே திருப்பி அனுப்பியிருக்கேன், அந்த வரிசையில நான் போய் நிக்கணுமா என்று கேட்டார். இவ்வளவு நாளும் பிள்ளைகள் குறுக்கே ஓடுகிற தெரு வழியாக இந்தக் கண்ணோடுதானே ஓட்டியிருக்கிறார்? கோபம் கோபமாக வந்தது. கூடவே அழுகையும் வந்தது, யாரிடமும் சொல்லாமல் தனக்குள்ளேயே வைத்துப் புழுங்கியிருக்கிறார் பார். ஜெயித்துவிட்டேன் என்ற சந்தோஷம் மட்டும் வரவே இல்லை, போ. அப்புறம் வழி கேட்டுக் கேட்டு ஓட்டினேன். அவர் ஒரு குறைகூடச் சொல்லவில்லை.

அத்தை வீட்டு வாசலில் நிறுத்தினதும் அவசரமாக இறங்கிப் பின்சீட்டில் பையைத் தேடுவது போல நின்றுகொண்டேன், யார் ஓட்டினது என்று தெரியவேண்டாமே என்றுதான். ஜன்னலிலிருந்து அத்தை, ஏண்ணா, புது ஊர்ல இவ்வளவு தூரம் நீயேவா ஓட்டிட்டு வந்தே என்று கத்தினாள். ஆமாம் என்பார் என்றுதான் நினைத்தேன், சொல்லிக்கொள்ளட்டும் என்றும் இருந்தேன். அவரோ கதவைப் பிடித்துக்கொண்டு, நான் எங்க ஓட்டினேன், எனக்குக் கண்ணு சரியாத் தெரியல, உன் அண்ணிதான் பத்திரமாக் கொண்டுவந்து சேர்த்தா என்றார், தெருவுக்கே கேட்கும்படி.

ஊர் திரும்பினதும் கண் டாக்டரிடம் வரச் சம்மதித்துவிட்டார், நான்தான் ஓட்டிக்கொண்டு போகப்போகிறேன். நீயும் மாப்பிள்ளையும் கண்ணுக்கும் காலுக்கும் ஒரு குறையும் இல்லாமல் நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் செய். இதெல்லாம் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதே, அவரே சொல்லட்டும். அத்தையிடம் சொல்லிவிட்டார், தெருவுக்கே சொல்லிவிட்டார், உன்னிடம் சொல்லத்தான் ரொம்பப் பயப்படுகிறார். அவர் சொல்லும்போது நடுவில் குறும்பு பண்ணாமல் கடைசிவரை கேளடி.

இப்படிக்கு,
பாஸா பெயிலா என்று இன்னும் கேட்காத
உன் அம்மா