முதலாளி என்று கூப்பிட்டான்

பஃபல்லோ ரோடு, சிங்கப்பூர்
12-11-1961

அன்பு மகள் மங்களத்துக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே சுகம், லண்டன் குளிரில் நீயும் சுகமாயிருக்க வேண்டுமென்று அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் வீரமாகாளியம்மனுக்கு ஞாபகப்படுத்திக்கொண்டிருக்கிறாள். அவள் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, நீ அனுப்பிய தைலத்தைத் தேய்க்காமல், வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறாள். தீபாவளி வியாபாரம் மோசமில்லை, ஆனால் எனக்குப் பலகாரத்தை வாயில் வைக்கப் பிடிக்கவில்லை. காரணம் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

ஜாலான் புசார் பக்கம் நாங்கள் நாலு கடைக்காரர்கள் சேர்ந்து நடத்தும் முதியோர் இல்லம் உனக்குத் தெரியும், போக்கிடமில்லாத கிழவர்கள் இருபத்திரண்டு பேர். அதைப் பார்த்துக்கொள்ள நம் கடையில் பதினேழு வருஷம் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்ற செல்லக்கண்ணுவைத்தான் வைத்தேன். நீ கப்பல் ஏறும்போது மாலை போட்டு அழுதானே, அவனேதான். சனிக்கிழமைதோறும் கடைக்கு வந்து, எல்லாரும் சாப்பிட்டார்கள் ஐயா, எல்லாரும் அமைதி ஐயா என்று சொல்லிவிட்டுப் போவான். அந்த அமைதி என்ற வார்த்தையைக் கேட்டு நானும் பெருமைப்பட்டிருக்கிறேன். புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை, கிழவர்களைப் பார்த்துக்கொள்ளும் முத்தாயி, அங்கே இருக்கும் நம் நாகூர் கனியைக் கன்னத்தில் அறைந்துவிட்டாள் என்று ஒரு காகிதம் கொண்டுவந்தான், மற்ற மூன்று பெண்களும் அதில் கைநாட்டு வைத்திருந்தார்கள். கனியை அடித்தாள் என்றதும் எனக்கு ஆத்திரத்தில் கண் தெரியவில்லை. ஜப்பான்காரன் காலத்தில் நான் கால் வீங்கிக் கிடந்தபோது மரவள்ளிக்கிழங்கை அவித்து மடியில் மறைத்துக் கொண்டுவந்தவன் அவன். அவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை, அன்றைக்கே வேலையிலிருந்து நீக்கிக் கையெழுத்துப் போட்டேன்.

தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால் முறுக்கு டின்னோடு சொல்லாமல் கொள்ளாமல் இல்லத்துக்குப் போனேன். நாங்கள் எப்போதும் சொல்லிவிட்டுப் போகிறவர்கள், அதனால் எப்போது போனாலும் கிழவர்களை வெள்ளை வேட்டியும் சிரித்த முகமுமாகத்தான் பார்த்திருக்கிறோம். அன்றைக்குக் காலை பத்து மணிக்கு அந்த இடம் அரிசிக் கிடங்கு மாதிரி இருந்தது. ஆள் இருக்கிறார்கள், குரல் இல்லை. ஒரு பெண் கிழவர் ஒருவருக்கு முகம் துடைக்கிறாள், கரிச்சட்டியைத் துடைக்கிற மாதிரி அழுத்தித் துடைக்கிறாள், அவரும் பேசவில்லை இவளும் பேசவில்லை. கனி பாதியாக இளைத்துப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். டேய் கனி என்றேன். திரும்பிப் பார்த்துவிட்டு எழுந்திருக்கப் பார்த்தான், முதலாளி வந்திருக்கீங்களா என்றான். முப்பது வருஷமாக என்னை டேய் கொழந்த என்று கூப்பிட்ட வாய், மங்களம். பக்கத்துக் கட்டில்காரர்தான் மெல்லச் சொன்னார், கமிட்டிக்காரர்களை முதலாளி என்றுதான் கூப்பிட வேண்டுமாம், இல்லாவிட்டால் மாலைக் காப்பி கிடையாதாம், முத்தாயி போன நாளிலிருந்து கனி கஞ்சியைத் தொடுவதே இல்லையாம். அவள் அடித்தாளா என்று கேட்டேன். அந்த மனுஷர் சிரித்துவிட்டார். அவளா, கட்டில்ல உட்கார்ந்து கதை பேசிக் கஞ்சி ஊட்டினா, அதான் அவ செஞ்ச குத்தம் என்றார். வேலை நேரத்தில் கிழவர்களோடு பேசக்கூடாது, கட்டிலில் உட்காரக்கூடாது என்று செல்லக்கண்ணு சட்டம் போட்டிருக்கிறான், அவள் கேட்கவில்லை. கைநாட்டு வைக்காவிட்டால் நீங்களும் வெளியே என்று மற்ற மூன்று பேரையும் மிரட்டியிருக்கிறான்.

அவனைக் கூப்பிட்டு உலுக்கினேன். துளிகூடக் கூச்சமில்லாமல், நீங்க கடையில சொல்லிக் குடுத்ததுதானே ஐயா, வாடிக்கைக்காரனோட ஊர்க்கதை பேசாதே, வாய் மூடினாத்தான் கை ஓடும்னு, நான் வேற என்ன செஞ்சேன் என்கிறான். அதில் பாதி உண்மை, அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. நான் மிளகு நிறுக்கச் சொல்லிக் கொடுத்ததை அவன் மனுஷர்கள்மேல் நடத்தியிருக்கிறான். ஆனால் அடிக்காத அடியை அடித்ததாகச் சொல்ல நான் எந்தக் காலத்திலும் சொல்லிக் கொடுக்கவில்லை. என் கனியின் பெயரை வைத்தே என்னை ஏமாற்றினான் பார், அதை என்னால் பொறுக்க முடியவில்லை. இல்லத்திலிருந்தும் கடையிலிருந்தும் அவனை அனுப்பிவிட்டேன். இல்லத்தில் வேலை செய்கிற பெண்கள் எப்படி இருக்கிறார்கள் என்று யாராவது கேட்கிறீர்களா அப்பா என்று போன வருஷம் நீ எழுதியிருந்தாய். அதைக் கடையில் சத்தமாகப் படித்துச் சிரித்தேன், அவனும் கூடச் சிரித்தான். திட்டு வாங்கிக்கொண்டே இருக்கிறவள் கை கிழவரிடம் எப்படி மெதுவாக இருக்கும் என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

முத்தாயி கெர்பாவ் ரோட்டு முனையில் இடியாப்பம் விற்றுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், எத்தனை வேணும் என்று கேட்டாள். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன் என்றேன். செல்லக்கண்ணு பொய் சொன்னதுகூடப் பெரிசில்லைங்க, அவன் அப்படித்தான், உங்க கடையில பத்து வருஷம் சாமான் வாங்கினவ நான், என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா என்றாள். கனி சாப்பிடுவதில்லை, திரும்பி வேலைக்கு வா என்று மட்டும் சொன்னேன், மங்களம். துரோகம் செய்தவன் யார் என்று அதுவரை எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. கடைசியில், உங்களுக்காக வரலை, அந்தக் கிழவருக்காக வரேன், ஆனா கட்டில்ல உட்காருவேன், பேசுவேன், கைநாட்டு வச்ச மூணு பேரையும் ஒரு சொல் சொல்லக் கூடாது, பாவம் புள்ளகுட்டிக்காரிங்க என்றாள். மாலைக் காப்பியைப் பெண்களும் கிழவர்களும் ஒன்றாக உட்கார்ந்து குடிக்க வேண்டும் என்பதும் அவள் போட்ட நிபந்தனைதான். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். வெள்ளிக்கிழமை வந்து கனி பக்கத்தில் உட்கார்ந்தாள். நாலு கரண்டி கஞ்சி குடித்தான்.

நீயும் அங்கே ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தொடுகிறவள், உன்னை அதட்டுகிற ஆள் இருந்தால் எழுது, மறைக்காதே. கம்பளிச் சட்டையைக் கழற்றாதே. செல்லக்கண்ணு உனக்கு அழுது கடிதம் போடுவான், பதில் எழுதாதே. கனி மாமாவுக்கு மட்டும் தனியாக நாலு வரி எழுது, முத்தாயி படித்துக் காட்டுவாள். அம்மனும் நம் பெரியவர்களும் உனக்குத் துணையிருந்து நீ நீடூழி வாழ வேண்டும். நான் தினமும் கடை திறக்குமுன் கனியைப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். இன்றைக்கும் முதலாளி என்றுதான் கூப்பிட்டான்.

உன் அன்பு அப்பா,
பொ. குழந்தைவேலு