அம்மாவின் பதக்கம்

என் செல்ல மகளுக்கு,

நேற்று உன் அம்மாவுக்கு நாட்டின் வீரப் பதக்கம் கொடுத்தார்கள். மேடையில் அமைச்சர் அதை என் சட்டையில் குத்த வந்துவிட்டார்.

"எனக்கில்லீங்க. போர்ல ஆம்புலன்ஸ் ஓட்டினது இவங்கதான்!" என்றேன். அரங்கமே சிரித்தது.

அப்போது முன்வரிசையில், ஒரு காலை இழந்த முன்னாள் வீரர் ஊன்றுகோலோடு எழுந்தார். "குண்டு விழுறப்போ திரும்பி வந்து என்னைத் தூக்கிட்டுப் போனது இந்த அக்காதான்" என்றார். அரங்கமே எழுந்து நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அவள் போரில் ஆம்புலன்ஸ் ஓட்டிய வருடங்கள்தான், உன் பள்ளி விழாக்களுக்கு அவள் வராத வருடங்கள்.

வீட்டுக்கு வந்தும் அம்மா பதக்கத்தைக் கழற்றவில்லை. "பாப்பா வந்து கழட்டட்டும். அம்மா இல்லாம இருந்தது அவதானே? பாதி அவளோடது" என்கிறாள்.

ஃபோனை நீ எடுப்பதில்லை, அதனால்தான் எழுதுகிறேன். வந்துவிடு, கண்ணு.

நெஞ்சு நிமிர்ந்திருக்கும்
உன் அப்பா