பாவுக்கு அடியில் போன பிள்ளைகள்

சேவூர்
ஜனவரி 21

அன்பு மகள் லாவண்யாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். என் முட்டி வலியைத் தவிர இங்கே எல்லோரும் சுகம். கனடாவில் பனி கொட்டுகிறதாமே, நீயும் மாப்பிள்ளையும் காதை மூடிக்கொண்டு வெளியே போகிறீர்களா? போனில் சொன்னால் பாதியிலேயே சண்டைக்கு வருவாய், அதனால்தான் பேனாவை எடுத்தேன். சர்ச்காரர்கள் நடத்தும் பாலர் பள்ளி விஷயத்தில் உனக்கு எதுக்கும்மா வம்பு என்றாயே, முழுசாகக் கேட்டுவிட்டுச் சொல்.

பள்ளி தெருவில் நம் வீட்டுப் பக்கத்துச் சாரியில் இருக்கிறது. பிள்ளைகள் வருவது எதிர்ச்சாரிக்குப் பின்னால் உள்ள காலனியிலிருந்து. அம்மா அப்பா ஏழு மணிக்கே கூலி வேலைக்குப் போய்விட, பள்ளியில் சமைக்கும் பாஞ்சாலைதான் எல்லாவற்றையும் கூட்டிவருவாள். மார்கழிப் பனியில் நூல் ஈரமாகிவிடும் என்று, தறி நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிப் பாவு நீட்டுவதை எட்டரைக்கு மேல் வைத்துக்கொண்டோம்; பிள்ளைகள் வருவதும் அப்போதுதான். பாவு நிற்கும்போது யாரையும் குறுக்கே விடமாட்டோம், உனக்குத் தெரியாததா. சுற்றிப் போனால் பஸ் ரோடு, சின்னப் பிள்ளைகளை அதில் நடத்த முடியாது. போன மாதம் நம் பாவு நீட்டிய அன்று பாஞ்சாலை பிள்ளைகளோடு வந்து நின்றாள். நான்தான், நூலு அறுந்துடும், இன்னிக்கு வூட்டுக்கு இட்டுகினு போ என்று விரட்டினேன். அன்றைக்கென்று சர்ச் சபைக் கமிட்டி பள்ளியைப் பார்க்க வந்திருக்கிறது. உள்ளே யாரோ முன்னாலேயே கொண்டுவிட்ட மூன்றே பிள்ளைகள். இங்கே பள்ளி தேவையில்லை, ஜூனில் திறக்க வேண்டாம் என்று எழுதிவிட்டார்கள். கலையரசி டீச்சர் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பள்ளி இல்லையென்றால் அந்த மூன்று வயசுகள் பூட்டிய வீட்டு வாசலில் கிடக்கும்.

நானே சபை ஆபீசுக்குப் போய், இன்னொரு தடவை வாங்க, பாவு நீட்டுற நாளாவே வாங்க என்று கேட்டேன். அப்பாவுக்குக் கோபம். உன்னால ஒரே பேஜாரு, நூலு அறுந்தா நீதான் முடி போடணும் என்றார். போடுகிறேன் என்றேன். நேற்று வந்தார்கள். அப்பா பாவை இழுத்துக் கட்டிய முனைக்கயிற்றைத் தளர்த்த, நாங்கள் ஆறு பேர் பாவைத் தாங்கும் கழிகளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தோம். இருபத்தேழு பிள்ளைகள் அடியில் குனிந்து போயின. ஒரு வாண்டு நடுவில் நின்று அண்ணாந்து நூலைப் பார்க்கிறது, நகரவே இல்லை, எங்கள் கை கழன்றுபோயிற்று. கமிட்டி அன்பழகன் ஐயாவும் குனிந்தே வந்தார். அறுந்தது இரண்டே இழை, அதுவும் அவர் சட்டைப்பைப் பேனா பட்டு.

இன்னும் ஒரு வருஷம் நடத்துவோம், ஆனால் பாவைச் சொல்லிப் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பக் கூடாது என்றார் ஐயா. யாரையும் கேட்காமல் தெரு முழுவதுக்கும் நானே வாக்குக் கொடுத்துவிட்டேன். வியாழக்கிழமை தெருவில் சின்னப்பையன் மாமா பாவு நீட்டும் முறை. எம் பாவாண்ட எவனையும் வுடமாட்டேன் என்று இப்போதே கத்திக்கொண்டிருக்கிறார். எட்டரைக்கு நான் அங்கே நிற்பேன், அவர் தூக்காவிட்டால் நான் தூக்குவேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும். ஒன்று மறக்காதே: உங்கம்மாவை அடக்கு என்று மாமா உனக்குப் போன் பண்ணுவார். எடு. அம்மா செய்வதுதான் சரி என்று உன் வாயால் சொல்.

உன் அம்மா,
பூங்காவனம்